இரண்டு வீடு சொல்ல வேண்டும்

எங்கள் ஊர் வரலாற்றுக் குழு ஒரு சண்டையில் பிறந்தது. அறிவுத் தாகம், ஆராய்ச்சி ஆர்வம் என்றெல்லாம் பிற்பாடு எங்களைப் பற்றி மேடையில் பேசியவர்கள் உண்டு. பேசட்டும், வாய்க்கு வரி கிடையாது. பள்ளி ஆண்டு விழாவில் ஒருவர் மைக் வயரைப் பிடுங்கி எறிந்தாரே, அன்றைக்குத்தான் அது பிறந்தது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை, ஆட்களின் பெயரையும்தான். செம்மநத்தம் போகிற குறுகல் ரோட்டில் இறங்கி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே நடந்து சேர வேண்டிய ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் வருகிறவர்களில் பாதிப் பேர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் இன்னும் ஒரே பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கிறது.

அப்போது சத்துணவுத் திட்டம் வந்த புதிது. அந்த ஊர்ப் பள்ளிக்கு என்னை அமைப்பாளராகப் போட்டார்கள். நான் அந்த ஊர்க்காரி அல்ல. எஸ்டேட்டில் பிறந்தவள். அப்பா அங்கே ரைட்டராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏற்காட்டுக்குப் பூசைக்குப் போகிற குடும்பம். ஊரிலோ அத்தனை பேரும் மலை விவசாயிகள். சாமை, ராகி, பலா, கொஞ்சம் காப்பி. என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் அது வாசலோடு நின்றுவிடுகிற மரியாதை. உள்ளே வாங்க என்று சொல்ல அவர்களுக்கு ரொம்ப நாள் பிடித்தது.

அந்த ஆண்டு விழாவில் தலைமையாசிரியர் பள்ளியின் வரலாறு என்று ஒன்றை எழுதி வந்து வாசித்தார். நல்ல மனிதர், ஆனால் மகா சோம்பேறி. சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதுமே திரும்பிப் போகிற பஸ்ஸின் ஞாபகமாக இருப்பவர். "இப்பள்ளி எஸ்டேட் முதலாளியின் கருணையால் எழுந்தது" என்று கணீரென்று வாசித்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்தார்.

"கருணையாவுது மண்ணாவுது. கல்லுச் சொமந்தது எங்கப்பனுங்க. ஓடையில இருந்து தலைச்சொமையாச் சொமந்து முதுகு ஒடிஞ்சு போனாரு."

"உங்கப்பன் எங்க சொமந்தான்? மேஸ்திரின்னு சொல்லிக்கிட்டு நெழல்ல நின்னான். சொமந்தது எங்கப்பன்" என்றார் பின்னாலிருந்து இன்னொருவர். அவ்வளவுதான். பெஞ்சு கவிழ்ந்தது, மைக் போனது, பிள்ளைகள் போட்டிருந்த கிருஷ்ணர் வேஷமும் ராதை வேஷமும் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடின.

மறுநாள் காலை தலைமையாசிரியர் என் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, நீங்களே வீடு வீடாக் கேட்டு ஒண்ணு எழுதிக் குடுத்துடுங்களேன். நான் பிள்ளைகுட்டிக்காரன்" என்றார். "என் பிள்ளைங்க மட்டும் என்ன சார், மரத்திலயா காய்ச்சுது?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டேன். என் சுபாவம் அப்படி. முடியாது என்று ஆரம்பித்து சரி என்று முடிப்பேன்.

தனியாக அலைய முடியாது என்று இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஒருத்தி ஊர்க்கோடி வீட்டுப் பெண். ஏற்காட்டில் பத்தாவது முடித்துவிட்டு, பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்தாள். அப்பா இல்லை. அம்மாவும் அவளும் மட்டும்தான். இன்னொருவன் ஊர்க்கவுண்டரின் ஒரே மகன். காப்பிக்குக் கவாத்து வெட்டிய நேரம் போக மீதி நேரத்தில் படம் வரைவான். ஊரின் வரைபடம் ஒன்று வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டேன். தலைமையாசிரியர் தன்னையும் நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார், வேலை எதுவும் செய்யாமல்.

மைக் வயர் போன கதையை மனதில் வைத்து நாங்கள் இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். எந்தச் சேதியையும் இரண்டு வீடு சொல்ல வேண்டும். ஒரு வீட்டார் மட்டும் சொன்னதை எழுதக் கூடாது. எழுதியதை மாரியம்மன் கோயில் முன்னால் ஊரார் எல்லோரும் உட்கார்ந்திருக்க வாசிக்க வேண்டும். மறுத்துப் பேச யாராவது எழுந்தால், அந்தப் பேச்சு தீராமல் அடுத்த வரி கிடையாது. வாசிக்கிற பொறுப்பு அந்தப் பெண்ணுடையது. அவள் குரல் கடைசி வரிசைக்கும் கேட்கும்.

முதல் வாசிப்பில் பள்ளிக்கூடம் கட்டிய கதையை முடிக்கவே ஒரு மதியம் போய்விட்டது. கடைசியில், கல்லை ஊர் சுமந்தது, ஓட்டை எஸ்டேட் கொடுத்தது என்று தீர்ப்பானது. சண்டையை இருவரும் கொடுத்தார்கள் என்று நான் ஒரு வரி சேர்த்திருந்தேன். தலைமையாசிரியர் அதை அடித்துவிட்டார்.

அதற்கப்புறம் ஊருக்கு ஒரு ருசி வந்துவிட்டது. "எங்க ஊட்டுக்கு எப்பங்க வருவீங்க?" என்று வழியில் மறித்துக் கேட்டார்கள். பெண்கள் அவரைக்காயை முறத்தில் போட்டுக்கொண்டு வந்து, உரித்தபடியே தங்கள் மாமியார் கதைகளைச் சொன்னார்கள். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து எங்கள் சபைக்காரக் குடும்பங்கள் சில வந்தன. எங்களையும் எழுதுங்கள் என்றார்கள். ஒரு வருஷம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேலே போய் ஒரு பாயை விரித்து உட்கார்ந்தோம். போகிற வருகிற வெளியூர்க்காரர்களெல்லாம் நின்று, எங்கள் ஊருக்கும் இப்படி ஒன்று செய்து கொடுங்கள் என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடிவாரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட யாராவது என்னை விசாரிக்க மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், தெருவில் வரிசையாக ஒவ்வொரு வீட்டின் கதையையும் எழுதிக்கொண்டே போய் ஊர்க்கோடிக்கு வந்தபோது. வாய் ஓயாமல் பேசிய ஊர், அந்த வீட்டைப் பற்றிக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டது.

எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. அரைகுறையாகக் காதில் விழுந்திருந்தது. இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்னால் கீழேயிருந்து பெரியம்மை மலையேறி வந்திருக்கிறது. அம்மை கண்டவர்களை ஊருக்கு வெளியே குடிசை போட்டு வைக்க வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது என்று அன்றைய ஊர்க்கவுண்டர், இப்போதையவரின் தாத்தா, கட்டளை போட்டார். ஊர்க்கோடி வீட்டார் மட்டும் அதை மீறி, அம்மை கண்ட ஒரு பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். அம்மை ஊருக்குள் பரவி எத்தனையோ உயிர் போனது. ஊர் அவர்களைத் தள்ளி வைத்தது. காலப்போக்கில் தண்ணீரும் வேலையும் பேச்சும் திரும்பின. ஒன்று மட்டும் திரும்பவில்லை. அந்த ஊரில் கல்யாணம் என்றால் ஊர்க்கவுண்டர் கையால் ஊர் வெற்றிலை வாங்க வேண்டும். அந்த வெற்றிலை அந்த வீட்டுக்குக் கிடையாது. வெற்றிலை இல்லாத வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அந்தப் பெண்ணின் அம்மாவையே எங்கோ தூரத்து மலையிலிருந்து, விவரம் தெரியாதவர்களிடம் கேட்டுத்தான் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அந்த அம்மா ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். நான் பருப்பைக் களைந்துகொண்டிருந்தேன்.

"ஏனுங்க, எங்க ஊட்டப் பத்தி எப்ப எழுதுவீங்க?"

"சொல்றதுக்கு ஆள் வேணுமேங்க."

"நாங்க தப்புப் பண்ணலீங்க. எங்க மாமியா சாவறப்பக்கூட அதத்தான் சொல்லிட்டுச் செத்துச்சு. நம்ம பெரியவங்க நல்லதுக்குத்தான் பண்ணாங்க, சத்தியம் பண்ணிட்டாங்க, வெளிய சொல்லக் கூடாதுன்னு. என்ன சத்தியம்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா எம்புள்ளைக்கு வயசாவுது. நீங்க எழுதி ஊருக்கு வாசிச்சா, வெத்தல தானா வரும். எம்புள்ளைக்கு அது வேணுமுங்க."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சரி என்று சொல்லியனுப்பினேன்.

அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை ஏற்கெனவே இருந்தான் என்பது அந்த அம்மாவுக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். ஊர்க்கவுண்டர் மகன் போட்ட வரைபடத்தை ஒரு முறை பார்த்தால் போதும். மற்ற வீடெல்லாம் வெறும் கட்டம். ஊர்க்கோடி வீட்டுக்கு மட்டும் கொய்யா மரம், கோழிக்கூடு, துணி காயப்போடுகிற கொடி எல்லாம் இருந்தது. "ஏம்ப்பா, கொடியில தாவணி எதுவும் தொங்கலையா?" என்று கேட்டேன். பயல் காது வரைக்கும் சிவந்து போனான். அவள் தலையைக் குனிந்துகொண்டு எழுதாத பென்சிலைச் சீவினாள். வரலாற்றுக் குழு என்று நான் ஆரம்பிக்க, அது வேறு ஒன்றையும் வளர்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஊர்க்கவுண்டர் வீட்டுக்கும் வெற்றிலை இல்லாத வீட்டுக்கும் சம்பந்தமா? நடக்கிற காரியமா?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, நான் கேட்ட ஒரு கேள்வியில்தான் எல்லாம் கிளம்பியது. ஊர்க்கவுண்டரின் அப்பாவை ஊரில் எல்லோரும் தவிட்டுப் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். செத்து ஐந்தாறு வருஷம் ஆகியும் அதே பேர்தான். தவிட்டுப் பிள்ளை என்றால் என்ன என்று மலையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். சாகக் கிடக்கிற பிள்ளையை முறத்தில் கிடத்தி இன்னொரு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். இனி அது அவர்கள் பிள்ளை. பெற்றவர்கள் வீட்டுக்குத் தேடி வருகிற சாவு ஏமாந்து திரும்பிவிடும். பிள்ளை பிழைத்துக்கொண்டால் ஒரு முறம் சாமைத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு இரண்டு தாய் வீடு. இரண்டு வீடும் பங்காளி முறை.

"சரிங்க, அவரை முறத்துல வாங்குன வீடு எதுங்க?" என்று ஒரு கூட்டத்தில் நான் சாதாரணமாகக் கேட்டேன். எந்தத் தவிட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் வாங்கிய வீட்டைப் பட்டென்று சொல்லுகிற ஊர். அன்றைக்கோ, "மாட்டப் புடிக்கோணும், நேரமாச்சு" என்று ஒருவர் எழுந்தார். பின்னாலேயே எல்லோரும் எழுந்து போனார்கள். ஊர்க்கவுண்டரின் மகன் மட்டும் வரைபடத்தைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் சமையல்கட்டுக்கு வந்து, அரிசியில் கல் பொறுக்க எனக்கு எதிரே உட்கார்ந்தாள். பொறுக்கிய கல்லையே திரும்ப அரிசிக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஊடு எங்க ஊடுதானுங்க."

"தவிட்டுப் பிள்ளைய வாங்குன வீடா?" என்றேன்.

"அவரு சொன்னாருங்க. அவங்க தாத்தா சின்னதுல இருந்தே அவருகிட்ட சொல்லி வெச்சிருக்காரு. கட்டளை போட்ட ஊர்க்கவுண்டரு ஊட்டுலயே புள்ளைக்கு அம்மை கண்டுருச்சு. வெளிய குடிசையில போட மனசு வரல, ஊட்டுலயும் வெச்சுக்க முடியல. எங்க ஊட்டுப் பொறவடை வழியா, பின்பக்கமா வந்து, கால்ல உழுந்து குடுத்துட்டுப் போனாங்களாமா. அந்தப் புள்ளதான் தவுட்டுப் பிள்ளை. அவரு சாவற வரைக்கும் அறுவடைக்கு அறுவடை எங்க ஊட்டுப் பொறவடையில சாமை கொண்டாந்து வெச்சுட்டுப் போவாரு. யாரு, எதுக்குன்னு எங்கம்மாளுக்குத் தெரியாது. 'அது எங்காத்தா ஊடு'ன்னு பேரங்கிட்டச் சொல்லியிருக்காரு."

யார் வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றினார்களோ அந்த வீடே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லி, காப்பாற்றியவர்களைத் தள்ளி வைத்திருக்கிறது. "அட பாவிகளா" என்றேன். "இத அடுத்த வாசிப்புலயே போட்டு உடைச்சிடலாம் கண்ணு. உங்கம்மா கேட்டது இதுதானே?"

அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது. முறத்தில் வாங்கிய வீடும் தாய் வீடு. இரண்டும் பங்காளி. இவளுடைய தாத்தாவும் அந்தத் தவிட்டுப் பிள்ளையும் அண்ணன் தம்பி. அப்படியென்றால் இவளும் அவனும்?

"ஒரு மொறம் தவுடுக்கா. ரத்தத்துல ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "அவரு அதெல்லாம் ரோசனை பண்ணாமச் சொல்லிட்டாரு. எங்க ஊட்டு மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரிஞ்சா சந்தோசப்படுவன்னு ஓடியாந்து சொன்னாரு. சொல்லி முடிச்சப்பறம்தான் ரெண்டு பேருக்கும் புரிஞ்சுது."

எழுதினால் வீட்டின் மானம் திரும்பும், அவன் போய்விடுவான். எழுதாவிட்டால் அவன் கிடைக்க வழியிருக்குமா என்றுகூடத் தெரியாது. உலை கொதித்து வழிந்தது. அதைக்கூட அவள்தான் எழுந்து போய் இறக்கினாள்.

வழியை ஊர்க்கவுண்டரே கொண்டுவந்தார். அடுத்த வாரம் பள்ளி விட்டதும் என்னைத் தேடி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, குரல் உயர்த்திப் பேசாத மனிதர். அந்த அமைதிதான் எனக்குப் பயம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் என்னை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

"ஏனம்மிணி, எம்மவன் அந்தப் புள்ளையத்தான் கட்டுவன்னு நிக்கறான். எனக்கிருக்கறது அவன் ஒருத்தன். நான் சம்மதிச்சுட்டனுங்க."

"நல்லதுங்க."

"வெத்தல நானே குடுக்கறன். ஆனா பழசக் கெளறாதீங்க. அம்மை வந்த வருசத்துக் கதைய உட்டுட்டு, ரோடு வந்த கதைக்குப் போயிருங்க. ஊரு தானா மறந்துரும்."

"அப்ப அந்த முறை என்னங்க ஆவுறது? பங்காளி முறையாச்சே?" என்று கேட்டுவிட்டேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"அது யாருக்குத் தெரியும்? நாலு பேருக்குத் தெரியும். நாலு பேரும் வாய மூடிக்கிட்டா ரெண்டு புள்ளைக வாழும். நீங்க வேற கோயிலு, வேற சாமி. எங்க மொறையப் பத்தி உங்களுக்கு எதுக்குங்க கவலை?"

போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தன் தாத்தா செய்த துரோகம் வெளியே வரக் கூடாது என்பதற்காக, ஊருக்கே முறை சொல்லுகிற மனிதர் முறையைக் காற்றில் விடத் தயாராக இருக்கிறார். ஆனால் அவர் சொன்னதில் பொய்யில்லையே. இரண்டு பிள்ளைகள் வாழும். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டிக் கிடக்கிறது?

ஊர்க்கோடி வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மகளையும் வைத்துக்கொண்டே. அத்தனை வருஷம் பொறவடையில் வந்த சாமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததும் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு மகளைப் பார்த்தார்.

"உனக்கு அவந்தான் வேணுமா கண்ணு?"

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்ப வேண்டாங்க" என்றார் என்னிடம். "எழுதாதீங்க. மூடி வெச்சிருங்க. இத்தன நாளு தலையக் குனிஞ்சு நடந்துட்டன். இன்னுங் கொஞ்ச நாளு நடந்தா என்ன, கழுத்தா ஒடிஞ்சு போயிரும்?"

அன்றைக்கு அந்த அம்மாவின் காலைத் தொட வேண்டும்போல எனக்கு இருந்தது. தொட்டிருக்கலாம்.

வாசிப்பு நாள் வந்தது. எங்கள் வாசிப்புகளிலேயே பெரிய கூட்டம் அதுதான். பக்கத்து ஊர்க்காரர்கள், லைன் ஆட்கள், சேர்வராயன் திருவிழாவில் பார்த்துப் பழகிய முகங்கள் எல்லாம் வந்திருந்தன. மதியமே பனி இறங்கிக் கோயில் மணி கண்ணுக்குத் தெரியவில்லை. எதை விட்டுவிட்டு எங்கே தாண்ட வேண்டும் என்று அவளுக்கும் எனக்கும் தெரியும். அவன் ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தான். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்று மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவள் வாசிக்க எழுந்தபோது ஊர்க்கவுண்டர் கையை உயர்த்தினார்.

"ஒரு வார்த்தை சொல்லிடறனுங்க. அந்தக் காலத்துல ஒரு ஊடு ஒரு தப்புப் பண்ணிருச்சு. ஊரு தண்டிச்சுது. பண்ணவங்க போயிட்டாங்க. இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க பாவம்? அதனால ஊரு மன்னிச்சு உட்டுருச்சு. வர்ற தையில அந்த ஊட்டுக்கு எங்கையால வெத்தல குடுக்கறன்."

கூட்டத்தில் நல்ல மனசு, நல்ல மனசு என்று ஒரு முணுமுணுப்பு போனது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா எழுந்து, ஊர்க்கவுண்டரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். நன்றாகக் குனிந்தே கூப்பினார். பக்கத்திலிருந்தவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

இந்த மனிதர் பேசாமல் இருந்திருக்கலாம். மறந்துவிடும் என்றாரே, மறக்க விட்டிருக்கலாம். மன்னிக்கிற சுகம் அவருக்குத் தேவைப்பட்டது.

நான் அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அம்மாவின் கூப்பிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. "வேண்டாம் கண்ணு" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

"மன்னிக்கறதுக்கு எங்க ஊட்டுல ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

அந்தக் குரல் கடைசி வரிசைக்கும் கேட்டது. அவள் சொல்லிக்கொண்டே போனாள், தாளைப் பார்க்காமல். கட்டளை யார் போட்டது, அம்மை யார் வீட்டில் கண்டது, பொறவடை வழியாக யார் வந்தது, யார் பேசாமல் தண்டனையை வாங்கிக்கொண்டது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு இடத்திலும் குரல் உடையவில்லை. ஒரு முறம் தவிடு என்று வந்தபோது மட்டும் கொஞ்சம் நிறுத்தினாள். நிறுத்திவிட்டு அதையும் சொன்னாள்.

ஊர்க்கவுண்டர் எழுந்தார். குரல் உயரவில்லை.

"ரெண்டு ஊடு சொல்லோணும்னு சட்டம் போட்டது நீங்கதான். உன்ற ஊடு ஒண்ணு ஆச்சு. இன்னொரு ஊடு எது?"

இவ்வளவு கூட்டத்தில் தெரிந்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள்? மாட்டைப் பிடிக்க எழுந்து போனவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. தலைமையாசிரியர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானே எழுந்து கத்தலாமா என்று நினைத்தேன். ஆனால் எனக்கு அந்த ஊரில் வீடு கிடையாது. இப்படியே விட்டால் அவள் சொன்னது பொய் என்றாகும். வெற்றிலையும் போகும், மானமும் போகும், கல்யாணமும் போகும்.

மூன்றாவது வரிசையில் அவன் எழுந்தான்.

"நம்ம ஊடுங்கப்பா" என்றான்.

ஊர்க்கவுண்டர் திரும்பி மகனைப் பார்த்தார். உட்காருடா என்று அவர் சொல்லவில்லை, கண் மட்டும் சொன்னது. அவன் உட்காரவில்லை.

"தாத்தன் எங்கிட்டச் சொல்லியிருக்காரு. அவரு கூடப் போயி நானே சாமை மூட்டைய எறக்கி வெச்சிருக்கேன். அவங்க சொன்னது அத்தனையும் நெசமுங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, கணக்குப் போடுகிற குரலில் மெதுவாகக் கேட்டாள்: "அப்பன்னா, இதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி மொறை ஆவுதே?"

"ஆமாங்க" என்றாள் அந்தப் பெண். தாளை எடுத்துக்கொண்டு, அம்மை வருஷத்துக்கு அடுத்து ரோடு வந்த கதையை வாசிக்க ஆரம்பித்தாள். அவள் அம்மாதான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார்.

வெற்றிலை வந்தது. ஊர்க்கவுண்டர் தட்டோடு அந்த வீட்டு வாசலுக்கே போய்க் கொடுத்தார், மன்னிப்பு என்ற சொல்லை இந்த முறை அவர் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது. என் மாற்றலுக்கு யாரோ எழுதிப் போட்டார்கள் என்று கேள்வி, அது வரவில்லை. தலைமையாசிரியர்தான் தானாகக் கேட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டார். குழு நின்றுவிடும் என்று நினைத்தேன். அடுத்த வாசிப்புக்கு அவள் வந்தாள், அவனும் வந்தான். அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருவன். எங்களைப் பற்றிய பேச்சு மலை முழுக்கப் பரவியது. ஊர்க்கவுண்டரையே எழுப்பி நிறுத்துகிற ஆட்கள் என்று கேள்விப்பட்டு ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். தொண்ணூறுகளில் எங்கள் குழு மலையில் பல ஊர்களில் இருந்தது. அந்த இரண்டு கட்டுப்பாடும் எல்லா ஊரிலும் இருந்தது. அது வளர்ந்ததற்கு அந்த இருவர் கொடுத்தது என்ன என்று பாதிப் பேருக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் அவளுக்கு வேறொரு மலையூரிலிருந்து மாப்பிள்ளை வந்தான். நல்ல பையன்தான். அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டது, எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம். அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்துப் பந்தலுக்குள் அழைத்து வருவது பெண்ணின் அண்ணன் தம்பி. கூடப் பிறந்தவன் இல்லையென்றால் பங்காளி வீட்டு அண்ணன். அந்த அம்மா யாரிடமும் கேட்கவில்லை. கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளை மனைமேல் நின்றுகொண்டிருந்தான்.

ஊர்க்கவுண்டர் மகன் தானாக வந்தான். சொம்பை எடுத்தான். குனிந்து உட்கார்ந்து இரண்டு காலையும் கழுவினான், தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்தான், கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தான். நான் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் திரும்பிப் போகப் பார்த்தபோது அவள் தலை நிமிராமலே சொன்னாள்.

"சாப்புட்டுட்டுப் போங்கண்ணா."

சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். நான்தான் பரிமாறினேன். எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, போட்டது அத்தனையும் சாப்பிட்டான்.